ஒரு புள்ளி போனால்...

"மழை பெய்தால்"னு சொல்ல நமக்கு வினையோட வாலில் ஒரு "ஆல்" போதும். நைஜீரியாவின் இக்போ மொழியில் அது வாக்கியத்தோட தலையில் வந்து உட்காரும்: "ஒ புரு ந". "அப்படி இருக்குமானால்"னு அர்த்தம். மழை அப்புறம்தான் வரும்.

இந்த "புரு"வை ரோமன் எழுத்தில் எழுதும்போது "யு"வுக்கு அடியில் புள்ளி வைக்கணும், முன்னால வர்ற "ஒ"வுக்கும்தான். புள்ளிகளை எடுத்துட்டா "அவன் சுமந்தான்"னு ஆயிடும். (அவளும்தான். இக்போ பிரதிப்பெயரில் ஆண்பால் பெண்பால் கிடையாது!)

இந்தப் புள்ளிக்குப் பின்னால ஒரு பெரிய சண்டையே இருக்கு மக்களே. பாதிரியார் ஷோன் சியரா லியோனில், விடுவிக்கப்பட்ட அடிமைகளிடம் இக்போ கத்துக்கிட்டார். 1841ல் நைஜர் ஆற்றில் ஆபோ ஊருக்குப் போனா, அவர் படிச்ச வழக்கு அங்கே எடுபடலை. இலக்கண நூலை 1861ல்தான் வெளியிட்டார். 1913ல் டென்னிஸ் பாதிரியார் பல வழக்குகளைக் கலந்து விவிலியம் கொண்டுவந்தார். யார் வீட்லயும் பேசாத இக்போன்னு அதுக்குப் பேர் கிடைச்சது.

1929ல் வந்தது வினை. அரசு புது "ஆப்பிரிக்க எழுத்துமுறை"யைக் கொண்டுவந்தது. புள்ளிக்குப் பதிலா புது வடிவ எழுத்துகள். கத்தோலிக்கர்கள் ஏத்துக்கிட்டாங்க, சி.எம்.எஸ். மிஷன் மாட்டேன்னுடுச்சு. எந்த மிஷன் பள்ளியோ, பிள்ளைக்கு அந்த எழுத்து. ஒரே மொழிக்கு இது கொடுமை இல்லையா?

1961ல் ஒன்வு குழு அடிப்புள்ளியையே முடிவாக்கியது. இன்னிக்கு செல்பேசியில் பலர் புள்ளி இல்லாமத்தான் தட்டுறாங்க. பின்னால வர்ற "ந"வைப் பார்த்து, சுமையா நிபந்தனையான்னு புரிஞ்சுக்கறாங்க.