வி. லட்சுமிநாராயண ஐயர்

வி. லட்சுமிநாராயண ஐயர் (1911 - 1990) கருநாடக இசை வயலின் கலைஞரும் இசை ஆசிரியரும் ஆவார். இலங்கையின் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் இசை கற்பித்தவர். வயலின் கலைஞர்களான எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகிய மூவரின் தந்தையும் முதல் குருவும் இவரே. இவரது பெயர் இன்று பெரும்பாலும் இவருடைய பிள்ளைகளின் வழியாகவே அறியப்படுகிறது.

யாழ்ப்பாண வாழ்க்கை

தமிழ்நாட்டுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இசைத் தொடர்பு நெடுங்காலமாக இருந்து வந்தது. தமிழகக் கலைஞர்கள் கோயில் திருவிழாக்களுக்காகவும் இசை கற்பிப்பதற்காகவும் யாழ்ப்பாணம் செல்வது வழக்கம். லட்சுமிநாராயண ஐயரும் அவ்வாறு அங்கு ஆசிரியப் பணி ஆற்றி, குடும்பத்துடன் வாழ்ந்தார். இவருடைய மனைவி சீதாலட்சுமியும் இசையறிவு மிக்கவர். பெண் மக்களும் இசை பயின்றனர். ஆண் மக்கள் மூவரும் தந்தையிடம் வயலின் கற்றனர். மூவரில் மூத்தவரான வைத்தியநாதன் 1942 இலும், சுப்பிரமணியம் 1947 இலும், இளையவரான சங்கர் 1950 இலும் பிறந்தவர்கள். சுப்பிரமணியம் ஆறாவது அகவையில் மேடையேறினார். சங்கர் தமது ஏழாவது அகவையில் நல்லூர்க் கோயிலில் முதற் கச்சேரி செய்தார்.

வயலின் குறித்த நோக்கு

ஐரோப்பியக் கருவியான வயலின், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786 - 1858) முதலானோரால் கருநாடக இசைக்குள் கொண்டுவரப்பட்டது. பாடகரின் குரலை அடியொற்றிச் செல்லக்கூடியது என்பதால் அது மிக விரைவில் முதன்மையான பக்கவாத்தியம் ஆயிற்று. அதே காரணத்தால் வயலின் கலைஞர் மேடையில் பாடகருக்கு அடுத்த இடத்திலேயே இருக்க நேர்ந்தது. துவாரம் வெங்கடசுவாமி நாயுடு போன்ற சிலர் தனிக்கச்சேரிகள் செய்து புகழ் பெற்றிருந்தபோதிலும் பொதுவான நிலை பெரிதும் மாறவில்லை.

வயலின் தனித்து நின்று ஒரு கச்சேரியைத் தாங்க வல்லது என்பதும், உலகின் பிற இசை மரபுகளுக்கு இணையாக அது ஒலிக்க வேண்டும் என்பதும் லட்சுமிநாராயண ஐயரின் உறுதியான எண்ணமாக இருந்தன. இவ்வெண்ணத்தை முன்வைத்தே தம் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்தார்.

1958 இடப்பெயர்வு

1956 ஆம் ஆண்டு சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கும் சட்டம் இலங்கையில் நிறைவேறியது. அதனைத் தொடர்ந்து வளர்ந்த இனமுறுகல் 1958 மே மாதத்தில் தமிழருக்கு எதிரான பெருங் கலவரமாக வெடித்தது. இக்கலவரத்தை அடுத்து லட்சுமிநாராயண ஐயரின் குடும்பம் யாழ்ப்பாண வாழ்க்கையைக் கைவிட்டு இந்தியா திரும்பியது. அப்போது சங்கருக்கு எட்டு அகவை.

பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்ட மாணவர்களையும் மதிப்பையும் விட்டு, நாற்பத்தேழாம் அகவையில் சென்னையில் இவர் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. ஆயினும் பிள்ளைகளின் பயிற்சி தடைப்படவில்லை. உடன்பிறந்தோர் மூவரும் ஒரே மேடையில் வயலின் வாசித்துப் பெயர் பெற்றனர். இசையோடு கல்வியும் தொடர்ந்தது. சுப்பிரமணியம் மருத்துவப் பட்டமும் சங்கர் இயற்பியல் பட்டமும் பெற்றனர்.

பிள்ளைகளின் பணி

* எல். வைத்தியநாதன் (1942 - 2007) திரைப்பட இசையமைப்பாளர். ஏழாவது மனிதன் (1982), பேசும் படம் (1987) ஆகியவை இவர் இசையமைத்த படங்களுள் அடங்கும்.
* எல். சுப்பிரமணியம் மேற்கத்திய இசைக்குழுக்களுடன் இணைந்து வாசித்தும் அவற்றுக்கான படைப்புகளை இயற்றியும் அறியப்பட்டவர். 1985 இல் சுபின் மேத்தா நடத்திய நியூயார்க் பில்ஆர்மோனிக் குழுவுடன் தமது படைப்பை வாசித்தார். 2001 இல் பத்ம பூசண் விருதும் 2025 இல் பத்ம விபூசண் விருதும் பெற்றார்.
* எல். சங்கர் 1969 இல் அமெரிக்கா சென்றார். 1970களில் சான் மெக்லாப்லின், சாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி இசைக்குழுவில் வாசித்தார். பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினை வடிவமைத்தார்.

பக்கவாத்தியமாக மட்டும் வயலின் நின்றுவிடக்கூடாது என்ற தந்தையின் எண்ணம் இவர்கள் தேர்ந்த வெவ்வேறு வழிகளில் நிறைவேறியது.

நினைவு

லட்சுமிநாராயண ஐயர் 1990 இல் காலமானார். அவர் நினைவாக எல். சுப்பிரமணியம் 1992 இல் லட்சுமிநாராயணா உலக இசை விழாவைத் தொடங்கினார். பல நாட்டு இசைக் கலைஞர்கள் இவ்விழாவின் மேடைகளில் இணைந்து வாசித்துள்ளனர். சுப்பிரமணியத்தின் மக்களான பிந்து, அம்பி ஆகியோரும் இசைக் கலைஞர்களே. அம்பி வயலின் கலைஞர். தந்தையிடம் பிள்ளை வயலின் கற்கும் வழக்கம் இக்குடும்பத்தில் அடுத்த தலைமுறைக்கும் தொடர்ந்துள்ளது.