பார்க்காதே என்றால்...

'தெசிஸ்' என்ற ஸ்பானியப் படத்தை மகன் போட்டுக் காட்டினான். 1996இல் வந்தது. ரத்தம் என்றால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதில் முடியவில்லை.

மாட்ரிட் ரயிலில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். 'பார்க்காமல் போங்கள்' என்கிறார் ஊழியர். திரையில் வன்முறை பற்றி ஆய்வேடு எழுதும் மாணவி ஆஞ்ஹெலா மட்டும் தண்டவாளம் பக்கம் நகர்கிறாள். பிறகு அவளிடம் ஒரு கேசட் சிக்குகிறது. காணாமல்போன மாணவியை நிஜமாகவே கொன்று படம்பிடித்திருக்கிறார்கள். (யாரென்று சொல்ல மாட்டேன்.)

இயக்குநர் அமெனாபார் 1972இல் சிலியில் பிறந்தவர். தாம் பட்டம் வாங்காமல் விலகிய கொம்ப்ளுத்தென்சே பல்கலைக்கழகத்திலேயே இதை எடுத்தார். ஏழு கோயா விருதுகள்! பாடம் நடத்தியவர்கள் என்ன நினைத்தார்களோ.

மூன்று ஆண்டு முன்புதான், 1993 ஜனவரியில், அல்காசெர் ஊரின் மூன்று சிறுமிகளின் உடல்கள் கிடைத்திருந்தன. மறுநாள் இரவே டி.வி. அங்கிருந்து நேரலை, அழுகிற குடும்பத்தார் முன் மைக். படத்தின் கடைசியில் ஆஸ்பத்திரி நோயாளிகள் டி.வி.யையே வெறித்திருக்கும்போது எனக்கு அதுதான் தோன்றியது.

ஒருமுறை எங்கள் பள்ளி வாசலில் லாரி விபத்து. 'உள்ளே போங்கடா' என்று பிள்ளைகளை விரட்டினேன். பிறகு நான் மட்டும் திரும்பிப் போய் எட்டிப் பார்த்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.