பொதுமக்கள் கருத்துக்கேட்பு (சுற்றுச்சூழல் அனுமதி)

பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்பது, இந்தியாவில் சுரங்கம், அனல்மின் நிலையம், துறைமுகம், வேதித் தொழிற்சாலை போன்ற பெருந்திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்குவதற்கு முன்னர், அவற்றால் பாதிக்கப்படக்கூடிய மக்களின் கருத்துகளைக் கேட்டுப் பதிவு செய்யும் சட்ட நடைமுறை ஆகும். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986 இன் கீழ் வெளியிடப்பட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2006 இதனை நெறிப்படுத்துகின்றது. இது வாக்கெடுப்பு அன்று. கூட்டத்திற்கு வந்த அனைவரும் எதிர்த்தாலும் சட்டப்படி அனுமதி வழங்க இயலும். ஆகவே இந்நடைமுறையின் வலு, கூறப்பட்டவை எவ்வாறு பதிவாகின்றன, அப்பதிவுக்கு அனுமதி வழங்குவோர் என்ன விடை தருகின்றனர் என்பவற்றையே பெரிதும் சார்ந்துள்ளது.

வரலாறு

1992 இல் இரியோ டி செனீரோவில் நடைபெற்ற புவி உச்சி மாநாட்டின் சாற்றுரை, தனது 10 ஆவது கோட்பாட்டில் சுற்றுச்சூழல் முடிவுகளில் குடிமக்களின் பங்கேற்பை வலியுறுத்தியது. இந்தியாவில் 1994 சனவரி 27 அன்று வெளியான முதல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கருத்துக்கேட்பு கட்டாயமாக இருக்கவில்லை. 1997 ஏப்ரல் 10 அன்று செய்யப்பட்ட திருத்தமே அதனைக் கட்டாயமாக்கியது. அத்திருத்தத்தின்படி கூட்டத்தை நடத்திய குழுவில் அதிகாரிகளுடன் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் மூவர் வரையிலும், ஆட்சியர் நியமிக்கும் மூத்த குடிமக்கள் மூவர் வரையிலும் இடம்பெறலாம். 2006 செப்டம்பர் 14 இல் வெளியான புதிய அறிவிக்கை இக்குழுவைக் கைவிட்டது.

நடைமுறை

திட்டத்தை முன்மொழிபவர் முதலில் வரைவுத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரித்து, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கருத்துக்கேட்பு நடத்துமாறு விண்ணப்பிக்க வேண்டும். வாரியம் 45 நாட்களுக்குள் அதனை நடத்தி முடிக்க வேண்டும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் குறைந்தது 30 நாட்கள் முன்னதாக அறிவிப்பு வெளியிடப்படும். நாளிதழ் சென்றடையாத ஊர்களில் பறையறைந்து அறிவிப்பதற்கும் அறிவிக்கையில் இடமுண்டு.

கூட்டம் திட்ட இடத்திலோ அதற்கு மிக அருகிலோ நடைபெறுகின்றது. திட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட மாவட்டங்களில் அமைந்தால் ஒவ்வொரு மாவட்டத்திலும் தனித்தனியே நடத்த வேண்டும். மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதி தலைமை ஏற்பார். வருகைக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) இல்லை. நிகழ்வு முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்படும். வந்திருப்போர் எவரும் திட்டம் குறித்து விளக்கம் கேட்கலாம். இறுதியில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் விளக்கி வாசித்துக் காட்ட வேண்டும். அன்றே ஆட்சியர் அல்லது பிரதிநிதி அதில் கையொப்பமிட வேண்டும். இவ்வாசிப்பு பலருக்கும் தெரியாத உரிமை ஆகும். தாம் கூறியது விடுபட்டிருப்பின் அங்கேயே திருத்தம் கோருவதற்கு இதுவே தருணம். நேரில் வர இயலாதோர் எழுத்து மூலம் கருத்துகளை அனுப்பலாம்.

முன்மொழிபவர் எழுப்பப்பட்ட பொருட்களுக்கு விடையளித்து அறிக்கையைத் திருத்திய பின்னர், நிபுணர் மதிப்பீட்டுக் குழு அதனை ஆராய்ந்து பரிந்துரை வழங்கும்.

மொழியும் காலமும்

வரைவு அறிக்கை பொதுவாக ஆங்கிலத்தில், பல நூறு பக்கங்களில் அமைகின்றது. அதன் சுருக்கம் மட்டுமே உள்ளூர் மொழியில் தரப்படுகின்றது. காற்று மாதிரி எங்கு எடுக்கப்பட்டது, நிலத்தடி நீர் எவ்வளவு எடுக்கப்படும் போன்ற விவரங்கள் முழு அறிக்கையிலேயே விரிவாகக் காணப்படும். அதனை மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் முதலிய இடங்களில் பார்வையிடலாம். மீனவரோ உழவரோ 30 நாட்களில் இதனைப் படித்தறிந்து வினா எழுப்புவது எளிதன்று. 2020 மார்ச்சில் வெளியான புதிய வரைவு அறிவிக்கை இக்காலத்தை 20 நாட்களாகக் குறைக்க முன்மொழிந்து பரவலான எதிர்ப்பைச் சந்தித்தது. அவ்வரைவை 22 மொழிகளில் வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் 2020 சூன் 30 அன்று ஆணையிட்டது. வரைவு இறுதி வடிவம் பெறவில்லை.

விலக்குகள்

நாட்டுப் பாதுகாப்புத் திட்டங்கள், கட்டுமானத் திட்டங்கள், பி-2 பிரிவுத் திட்டங்கள், அறிவிக்கப்பட்ட தொழிற்பேட்டைக்குள் அமையும் திட்டங்கள் முதலியவற்றுக்குக் கருத்துக்கேட்பு தேவையில்லை. ஒரு திட்டத்தைப் பி-2 பிரிவுக்கு மாற்றினாலே கருத்துக்கேட்பு இல்லாமற் போய்விடும். 2020 சனவரி 16 அன்று எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகள் அவ்வாறு மாற்றப்பட்டபோது காவிரிப் படுகையில் கடும் எதிர்ப்பு எழுந்தது.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலை இவ்விலக்குகளின் விளைவைக் காட்டுகின்றது. ஆலைக்கு 1995 இல் அனுமதி வழங்கப்பட்டபோது கருத்துக்கேட்பு கட்டாயமாக இருக்கவில்லை என 2013 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2009 இல் விரிவாக்கத்திற்கு அனுமதி அளித்தபோதும் தொழிற்பேட்டை என்ற காரணத்தால் கூட்டம் நடத்தப்படவில்லை. 2018 மே 22 அன்று, விரிவாக்கத்திற்கு எதிரான போராட்டத்தின் 100 ஆவது நாளில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அந்நிகழ்வுகளில் 13 பேர் உயிரிழந்தனர். மறுநாள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, விரிவாக்கப் பணிகளுக்குத் தடை விதித்ததுடன் கருத்துக்கேட்பு நடத்தவும் ஆணையிட்டது. மே 28 அன்று தமிழக அரசு ஆலையை மூட ஆணை பிறப்பித்தது.

கருத்தும் ஒப்புதலும்

கோவா இரும்புத்தாதுச் சுரங்கம் ஒன்று தொடர்பான உத்கர்ஷ் மண்டல் வழக்கில் (2009) தில்லி உயர் நீதிமன்றம், எதிர்ப்புகளை நிபுணர் குழு உண்மையில் பரிசீலித்து, அவற்றை ஏற்காமைக்கான காரணங்களைக் கூற வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. எனினும் காரணம் கூறிய பின் எதிர்ப்பை மீறி அனுமதி வழங்கத் தடையில்லை.

வன உரிமைச் சட்டம், 2006 இன் கீழ்க் கிராம சபைகளுக்கு உள்ள இடம் இதனின்றும் வேறுபட்டது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட்டு வெட்டுவது குறித்து, கிராம சபைகள் தங்கள் வழிபாட்டு உரிமை உள்ளிட்ட கோரிக்கைகளை முடிவு செய்யட்டும் என உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. 2014 சனவரியில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சு அத்திட்டத்திற்கு அனுமதி மறுத்தது.