கண்டியில் கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலை: தமிழ்ப் பிள்ளைக்கு அங்கே இடம் எவ்வளவு?

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து இரண்டாம் தவணை தொடங்கியதும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும். "அண்ணை, மனிசிக்கு பேராதனைக்கு மாற்றம் வந்திட்டுது. மகளுக்கு வாற தை மாதத்துக்குள்ள அஞ்சு வயசு முடியுது. சிஸ்டர்மாரின்ர பள்ளிக்கூடம் கிடைக்குமோ?" கேட்பவர் கிளிநொச்சி ஆசிரியராக இருப்பார், வவுனியா தாதியின் கணவராக இருப்பார், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய், 2009இல் எல்லாம் இழந்து, திரும்பவும் மலையகத்து உறவினரைத் தேடி வந்தவராக இருப்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

நான் 2011இல் வன்னியிலிருந்து கண்டிக்கு வந்தவன். என் இரண்டு பிள்ளைகளும் இங்குள்ள ஒரு கத்தோலிக்கப் பாடசாலையின் ஆரம்பப் பிரிவில், தமிழ்மொழி வகுப்பில் படித்தவர்கள். இளையவன் இன்னும் படிக்கிறான். தமிழ் வகுப்புப் பெற்றோர் குழுவில் சில வருடமாக இருக்கிறேன். பாடசாலையின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் பலவும் கண்டியிலுள்ள இதுபோன்ற மற்றப் பாடசாலைகளுக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். "கத்தோலிக்கப் பாடசாலை" என்று நாம் சொல்வது இலங்கையில் இரண்டு வேறு வகைகளை. பெயரில் "புனித" என்று இருந்தாலும் இன்று முழுக்க முழுக்க அரச பாடசாலையாக இருப்பது ஒரு வகை. கன்னியர்களோ குருக்களோ நிர்வகிக்க, அரசாங்கம் ஆசிரியர் சம்பளத்தைக் கொடுக்கும் உதவிபெறும் தனியார் பாடசாலை மற்றது. விண்ணப்பப் படிவம், தெரிவு முறை, முறையீடு செய்யும் இடம் எல்லாமே இரண்டிலும் வேறு. எது எந்த வகை என்று தெரியாமல் ஒரு வருடத்தை வீணாக்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இந்தப் பிளவு 1960இல் வந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் அந்த ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உதவிபெறும் பாடசாலைகளைக் கையேற்றது. சட்டத்தைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத் கண்டியோடு தொடர்பில்லாதவர் அல்லர். கம்பளை சாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். அவர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். நாட்டின் நல்ல பாடசாலைகளில் பெரும்பகுதி மிஷன்களின் கையில், அரச பணத்தில் நடந்தது. பௌத்தப் பிள்ளைகளுக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் அதில் மனக்குறை இருந்தது. ஆனால் கத்தோலிக்கர் அதைத் தங்கள் வீட்டைப் பறிப்பதாகவே பார்த்தார்கள். 1960 டிசம்பரில் பெற்றோர் பாய் தலையணையோடு பாடசாலைகளுக்குள் போய்க் குடியிருந்தார்கள். 1961 ஜனவரியில் பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியஸ் இலங்கை வந்து சமரசம் பேசிய பின்னரே அந்த முற்றுகை அடங்கியது. அதைத் தொடர்ந்து வந்த 1961ஆம் ஆண்டு 8ஆம் இலக்கச் சட்டம், 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலை தொடங்குவதையும் தடுத்தது.

அந்த ஒரு பிரிவுதான் இன்று உங்கள் பிள்ளையின் இடத்தைத் தீர்மானிக்கிறது. கண்டியின் சனத்தொகை எவ்வளவு பெருகினாலும் அன்று கையளிக்காமல் நின்ற சில பாடசாலைகளுக்கு மேல் இன்னொன்று வர முடியாது. (கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்த சர்வதேசப் பாடசாலைகள் வேறு கதை. அவற்றின் கட்டணமும் வேறு கதை.) 1854இல் சில்வெஸ்திரின் பெனடிக்ற் துறவிகள் தொடங்கி, இன்று கட்டுகஸ்தோட்டையில் மகாவலிக் கரையில் இருக்கும் புனித அந்தோனியார் கல்லூரி, 1889இல் வந்த நல்லாயன் கன்னியர் மடப் பாடசாலை ஆகியவை தனியாரிடமே நின்றன. 1941இல் தொடங்கிய புனித சில்வெஸ்டர் கல்லூரி அரசிடம் போனது. கட்டணம் வாங்கவும் முடியாமல், அரச உதவியும் இல்லாமல் நின்ற பாடசாலைகள் 1960களை உண்டியலாலும் கார்னிவலாலும் ஓட்டின. அரசாங்கம் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது பல வருடம் கழித்துத்தான்.

இப்போது விண்ணப்பம். பிள்ளைக்கு அடுத்த வருடம் ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அரச வகைப் பாடசாலையானால் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைதான் வேதம். அது வழக்கமாக ஆண்டின் நடுப்பகுதிக்கு முன் வரும். பத்திரிகையில் பார்த்த அன்றே பிரதி எடுத்து வையுங்கள். அதில் பலர் வாசிக்காமல் விடும் பந்தி ஒன்று உண்டு. 1960, 1961 சட்டங்களால் கையேற்ற பாடசாலைகளில், கையேற்றபோது எந்தெந்தச் சமயப் பிள்ளைகள் என்ன விகிதத்தில் இருந்தார்களோ அதைக் கருத்தில் கொண்டே இன்றும் அனுமதிக்க வேண்டும் என்பது அது. "புனித" என்ற பெயருள்ள அரச பாடசாலையில் கத்தோலிக்கப் பிள்ளைக்கு ஒரு பங்கு இருப்பது இதனால்தான். சைவப் பிள்ளைக்கும் அன்றைய விகிதப்படி ஒரு பங்கு உண்டு என்பதை நம்மவர் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும்.

அரச பாடசாலையில் பெரும் பங்கு பக்கத்தில் வசிப்பவர்களுக்கே போகும். அங்கேதான் நாங்கள் விழுவோம். வீட்டு உறுதி வேண்டும், அல்லது பதிந்த குத்தகை உடன்படிக்கை வேண்டும். வாக்காளர் இடாப்பில் தொடர்ந்து பெயர் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் புள்ளி. இடம்பெயர்ந்து, நலன்புரி முகாமில் இருந்து, மீள்குடியேறி, பிறகு வேலைக்காகக் கண்டிக்கு வந்த ஒருவருக்கு ஐந்து வருடத் தொடர்ச்சி எங்கிருந்து வரும்? வாடகை வீட்டுக்காரர் வரிக்குப் பயந்து உடன்படிக்கையைப் பதியமாட்டார். எனவே கண்டிக்கு வந்த முதல் வருடமே கிராம அலுவலரிடம் போய் இடாப்பில் பெயரைப் பதியுங்கள். பிள்ளைக்கு ஒரு வயதாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

உதவிபெறும் தனியார் பாடசாலையில் படிவம் வேறு, முன்னுரிமை கத்தோலிக்கருக்கு. திருமுழுக்குச் சான்றிதழும் பங்குத்தந்தையின் கடிதமும் கேட்பார்கள். பிள்ளை போருக்குப் பின் பிறந்ததால் அதன் பத்திரங்கள் சரியாக இருக்கும். தாய் தகப்பனின் பத்திரங்கள்தான் மாத்தளன், முள்ளிவாய்க்கால் பக்கம் போயிருக்கும். அரச பதிவுகளின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பங்குப் பதிவேடு அழிந்திருந்தால் மறைமாவட்ட ஆயர் இல்லத்தில் கேளுங்கள். கிடைக்காத இடத்தில் ஞானப்பெற்றோரின் சாட்சியோடு எழுதித் தருகிற வழக்கம் திருச்சபையில் உண்டு. இதற்கு மாதக்கணக்கு எடுக்கும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். இன்னொன்று: அரச பாடசாலையில் முதலாம் தரத்துக்குச் சேர்க்கப் பணம் கேட்பது குற்றம். இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

சைவப் பிள்ளை கத்தோலிக்கப் பாடசாலையில் சேர்ந்தால் சமயம் மாறிவிடுமோ என்று அம்மம்மாமார் கேட்பார்கள். ஆரம்பப் பிரிவில் சமயம் ஒரு பாடம். சைவப் பிள்ளைக்குச் சைவநெறிப் புத்தகம், முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம். எங்கள் தமிழ் வகுப்பில் கத்தோலிக்கர், சைவர், முஸ்லிம்கள் என்று கலந்தே இருக்கிறார்கள். ஹந்தானைத் தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளையும், அக்குறணை வியாபாரியின் பிள்ளையும், யாழ்ப்பாணத்து விரிவுரையாளரின் பிள்ளையும் ஒரே வாங்கில். மூன்றும் மூன்று தமிழ் பேசும். "பைய" என்று ஒன்று சொல்ல, "மெதுவா" என்று மற்றது திருத்த, டீச்சர் இரண்டும் சரி என்பார். எனக்கு இந்தப் பாடசாலையில் மிகப் பிடித்தது இதுதான். யாழ்ப்பாணத்தாருக்கும் மலையகத்தாருக்கும் இடையில் பெரியவர்கள் நாங்கள் இன்னும் கட்டிக் காக்கும் வேலி, இரண்டாம் தரத்தில் இல்லை.

சிங்கள வகுப்புகள் எண்ணிக்கையில் கூட. காலைக் கூட்டத்தில் செபம் ஒரு நாள் சிங்களத்தில், ஒரு நாள் தமிழில். தேசிய கீதம்தான் சிக்கல். 2016 சுதந்திர தினத்தில் தமிழிலும் பாடப்பட்டபோது எங்கள் பிள்ளைகளும் தமிழ் வரிகளைப் பழகினார்கள். 2020இல் கொழும்பு அதை நிறுத்தியதும் பாடசாலைக்குள் யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. பழகுவதுதான் மெல்ல நின்றது. இப்படியான விடயங்கள் சுற்றறிக்கையில் வருவதில்லை, பெற்றோர் கூட்டத்தில் யாராவது கேட்டால்தான் வரும்.

பாதுகாப்புப் பற்றியும் கேட்பார்கள். மறைக்கத் தேவையில்லை. 1983 யூலையில் இந்த நகரத்துத் தமிழ்க் கடைகள் எரிந்தன. 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகை குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு வீதியில் தமிழ் பேசத் தயங்கிய நாட்களை இங்குள்ள பழையவர்கள் சொல்வார்கள். 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது மாவட்டப் பாடசாலைகள் மூடப்பட்டன. எங்கள் வகுப்பு முஸ்லிம் பிள்ளைகள் சிலர் பல நாள் வரவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பெற்றோரே வாசலில் நின்று புத்தகப்பைகளைத் திறந்து பார்த்தோம். முந்தைய ஆண்டு வராமல் இருந்த அதே முஸ்லிம் தகப்பன் என்னோடு நின்று பை பார்த்தார். அவரின் பிள்ளையின் பையைத்தான் சிலர் இரண்டு தடவை பார்த்தார்கள்.

இனி இந்த ஆண்டில் மிச்சமிருப்பவை. மே மாதம் மாதா மாதம். ஒவ்வொரு நாளும் இடைவேளைக்கு முன் செபமாலை. விரும்பாத பிள்ளை வகுப்பிலேயே இருக்கலாம். இதே மாதத்தில் வெசாக் கூடு கட்டும் போட்டியும் வரும். இதே மாதத்தில்தான் மே 18உம் வருகிறது. வீட்டில் விளக்கேற்றி அழுகிற கிழமையில் பிள்ளை வண்ணத்தாள் கேட்டு நிற்கும். நான் வாங்கிக் கொடுக்கிறேன். என் மனைவிக்கு முதல் வருடம் அது முடியவில்லை. ஒருமுறை செபமாலையின் ஒரு பத்துமணியை "போரில் இறந்த எங்கள் உறவினருக்காக" என்று ஒப்புக்கொடுத்தார்கள். எந்தப் பக்கம், எந்த இடம் என்று சொல்லவில்லை. அது போதும் என்று பெற்றோரில் சிலர் சொன்னோம். போதாது என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

யூன் 13 அந்தோனியார் திருநாள். பாண் பகிர்வார்கள், சைவ, பௌத்தத் தாய்மாரும் மெழுகுதிரியோடு வருவார்கள். அதே தவணையில் தமிழ்மொழித்தினப் போட்டிகள். பேச்சு, ஆக்கம், பாவோதல் ஆகியவற்றுக்குப் பிள்ளையை இப்போதே தயார்படுத்தலாம்.

ஓகஸ்டில் இரண்டு சுமை. வழக்கமாக அந்த மாதத்தில் வரும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை ஒன்று. உதவிபெறும் பாடசாலையில் பிள்ளை உயர்தரம் வரை தொடரலாம் என்பதால் இடத்துக்காக இந்தப் பரீட்சை அவசியமில்லை. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு உதவிப்பணம் கிடைக்கும் என்பதே பயன். இருந்தும் நான்காம் தரத்திலிருந்தே டியூசன் வான் பிடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மற்றது எசல பெரஹெரா. அந்நாட்களில் நகரப் பாடசாலைகள் மூடப்படும். பொலிசார் தங்குவதற்குக் கட்டடங்கள் கொடுக்கப்படும். வகுப்பறையில் துவக்கோடு ஆட்கள் நிற்பது கண்டிப் பிள்ளைக்கு வருடாந்த விடுமுறை. வன்னியிலிருந்து வந்த தாய்க்கு அது வேறு. புதிதாக வரும் குடும்பங்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம். நவராத்திரியின் கடைசி நாட்களில் வாணிவிழா, தமிழ் வகுப்பு மண்டபத்தில். கன்னியரும் வந்து அவல் வாங்கிச் சாப்பிடுவார்கள். மூன்றாம் தவணை முடிவில் ஒளிவிழா. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தைச் சிதைத்தபோது, ஒளிவிழாவுக்கென்று சேர்த்த பணம் உலர் உணவுப் பொதிகளாகத் தோட்டங்களுக்குப் போனது. இந்த ஆண்டு விழா நடத்துவது என்று பெற்றோர் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. நாடகம் இரு மொழியில். இடையர்கள் தமிழ் பேசுவார்கள், ஞானிகள் சிங்களம்.

இவ்வளவும் நடப்பது ஒரேயொரு தமிழ் வகுப்பை நம்பித்தான். பிள்ளையின் எதிர்காலம், பாதுகாப்பு என்று சொல்லி நம்மவர் பலர் சிங்கள மொழி வகுப்புக்கே கேட்டு எழுதுகிறார்கள். அவர்களின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆசிரியர் எண்ணிக்கை பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தே வரும். தமிழ் முதலாம் தரத்தில் பிள்ளை குறைந்தால் டீச்சரை இன்னொரு வகுப்போடு சேர்ப்பார்கள். சேர்த்ததைப் பிரிப்பது கடினம். சிங்களத்தைத் தமிழ் வகுப்புப் பிள்ளையும் இரண்டாம் மொழியாகப் படிக்கிறது, விளையாட்டு மைதானத்தில் அதைவிட வேகமாகப் படிக்கிறது. என் மூத்தவள் மூன்றாம் தரத்தில் பஸ்ஸில் எனக்கே மொழிபெயர்த்தாள்.

முத்தையா முரளிதரன் படித்தது புனித அந்தோனியாரில்தான். 1977 வன்முறையில் தன் குடும்பம் பட்டதை அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய அரசியல் கருத்துகளில் நம்மில் பலருக்கு உடன்பாடில்லை, அது இருக்கட்டும். கத்தோலிக்கரல்லாத, மலையகத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒன்றுக்கு அந்தக் கதவு திறந்திருந்தது என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் இந்த மாதமே செய்ய வேண்டியவை: பாடசாலை அலுவலகத்துக்கு நேரே போய் அது எந்த வகை, தமிழ் முதலாம் தரம் உண்டா என்று கேளுங்கள். தொலைபேசியில் சரியான பதில் கிடைப்பதில்லை. படிவத்தில் "கற்கை மொழி" என்ற கூட்டை வெறுமையாக விடாதீர்கள்; வெறுமையாக விட்டால் எந்த வகுப்பில் இடமிருக்கிறதோ அங்கே போட்டுவிடுவார்கள்.