தாளம் தப்பிய இதயம்

ராத்திரி இரண்டு மணி. வீடே தூங்குகிறது. திடீரென்று நெஞ்சுக்குள் 'தொபுக்'கென்று ஏதோ விழுந்த மாதிரி... ஒரு துடிப்பைக் காணோம்! அடுத்து, பலமாக ஒரு அடி. அப்புறம் கூடைக்குள் கவிழ்த்த கோழி சிறகடிப்பதுபோலப் படபடபடவென்று ஓட்டம். எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மணிக்கட்டில் விரலை வைத்து எண்ணிப் பார்க்கிறீர்கள். பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பலாமா, வேண்டாமா?

இந்த அனுபவம் உங்களுக்கு உண்டென்றால், கோடிக்கணக்கான ஜனங்களில் நீங்களும் ஒருவர். அதிகப்படி காபி, தூக்கக் கேடு, மனக் கவலை என்று பல சமயம் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும். (கூடவே மயக்கமோ, நெஞ்சு வலியோ, மூச்சுத் திணறலோ வந்தால், இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்!) இங்கே நான் சொல்லப்போவது, அந்தக் கோழியை அடக்க மனிதன் விழுங்கிய மருந்துகளின் கதை. அடக்கியதென்னவோ உண்மை. பதிலுக்கு அவை என்ன கேட்டன என்பதில்தான் கதையே இருக்கிறது.

1775. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற டாக்டரிடம் ஒரு கஷாயத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள். உடம்பில் நீர் கோத்து வீங்கிப் போனவர்களுக்கு ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த ஒரு பாட்டி ரகசியமாகக் கொடுத்துவந்த கைமருந்து அது. பெரிய டாக்டர்கள் கைவிட்ட கேஸ்கள்கூட அதில் பிழைத்தனவாம். (பாட்டியின் பெயர் 'மதர் ஹட்டன்' என்று பல புத்தகங்களில் பார்க்கலாம். நம்பாதீர்கள். விதரிங் பெயரே சொல்லவில்லை. அது இருபதாம் நூற்றாண்டில் ஒரு அமெரிக்க மருந்துக் கம்பெனியின் விளம்பரம் மூலம் வந்து ஒட்டிக்கொண்ட பெயர்!) கஷாயத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். செடிகொடிகளை ஆராய்ந்தவர் விதரிங். ஆகவே, அதில் வேலை செய்வது எது என்று கண்டுபிடிக்க அவருக்குச் சிரமமே இருக்கவில்லை. ஃபாக்ஸ்க்ளவ்! விரல் நுனியில் மாட்டிக்கொள்ளலாம் போன்ற ஊதாப் பூக்கள் வரிசையாகத் தொங்கும் செடி. தாவரவியல் பெயர் டிஜிடாலிஸ்.

அது விஷச்செடியும்கூட. விதரிங் இலவச வைத்தியம் பார்த்த ஏழைகளுக்கு ஆரம்பத்தில் அதைக் கொடுத்தபோது அளவு எக்கச்சக்கமாகப் போய்விட்டது. வாந்தி, பேதி, தலைசுற்றல். சிலருக்குக் கண்ணெதிரே இருப்பதெல்லாம் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிந்தது. நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 35 வரை இறங்கியதையும் பார்த்தார். கொஞ்சம் மிஞ்சினால் வலிப்பு, மரணம்.

வேறொருவராக இருந்தால் செடியைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார். அல்லது பிழைத்தவர்களை மட்டும் வரிசையாக நிற்கவைத்துப் பெயர் வாங்கியிருப்பார். விதரிங் இரண்டையும் செய்யவில்லை. பத்து வருடங்கள் பொறுமையாகக் குறிப்பெடுத்து, 1785-ல் புத்தகம் வெளியிட்டார். தான் வைத்தியம் பார்த்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரம் அதில் இருக்கிறது. மருந்து பலிக்காதவர்கள், செத்துப்போனவர்கள் எல்லோரையும் சேர்த்து! ஜெயித்த கேஸ்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் போட்டிருந்தால் தனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும், ஆனால் அது உண்மையாகாது என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். அவர் போட்ட விதி சுலபமானது: கொஞ்சமாக ஆரம்பி. சிறுநீர், வயிறு, நாடி, குடல்... இதில் எதிலாவது மாற்றம் தெரிந்த உடனே நிறுத்து. அதாவது, எங்கே நிறுத்துவது என்பதை நோயாளியின் உடம்பு சொல்லும். டாக்டர் காது கொடுக்க வேண்டும்.

அந்தச் செடியின் இன்னொரு ரகத்திலிருந்து 1930-ல் பிரித்தெடுத்ததுதான் டிஜாக்ஸின். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது, "வாரத்துக்கு அஞ்சு நாள்தான் இந்த மாத்திரை, சனி ஞாயிறு லீவு" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அதேதான். பிழைக்க வைக்கும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி அவ்வளவு குறைச்சல். நம் ஊர் டாக்டர்கள் பலர் லீவு கொடுத்தது அதனால்தான். சாப்பாடு திடீரென்று பிடிக்காமல் போவது, குமட்டல், கண்ணில் மஞ்சள் நிறம் என்று அந்தப் பெரியவர் புகார் சொன்னால், 'வயசாச்சு' என்று ஒதுக்கிவிடாதீர்கள். விதரிங் 1785-லேயே எழுதிவைத்த பட்டியல் அது.

அடுத்த கதையில் டாக்டருக்கே பாடம் எடுத்தவர் ஒரு வியாபாரி. 1912-ல், வென்கபாக் என்ற புகழ்பெற்ற டச்சு இதய நிபுணரிடம், கிழக்கிந்தியத் தீவுகளில் காலம் தள்ளிவிட்டு வந்த ஒரு டச்சு வியாபாரி போனார். இதயம் அடிக்கடி தறிகெட்டு ஓடுகிறது, நிறுத்த வேண்டும் என்றார். வென்கபாக் பரிசோதித்துவிட்டு, இதனால் பெரிய ஆபத்தில்லை, ஆனால் என்னால் நிறுத்த முடியும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். வியாபாரிக்கு ஏமாற்றம். பிறகு எதற்கு இதய நிபுணர்கள் இருக்கிறீர்கள் என்று கேட்டாராம்! தனக்கே வழி தெரியும், நாளைக் காலையில் நாடி சீராகி வந்து நிற்கிறேன் பாருங்கள் என்று சவால் விட்டுப் போனார். மறுநாள் சொன்னபடியே வந்தார். நாடி, கடிகாரம் மாதிரி!

ரகசியம்? கொய்னா. மலேரியாவுக்குத் தின்கிற அதே கசப்பு மருந்து. ஒரு கிராம் விழுங்கினால் தன் படபடப்பு நின்றுவிடுகிறது என்பதை அந்த மனுஷர் அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தார். வென்கபாக்கின் பெருந்தன்மையைப் பாருங்கள்... 1914-ல் வந்த தன் புத்தகத்தில் அந்த வியாபாரியின் கதையை மறைக்காமல் எழுதினார். நான்கே வருடத்தில், 1918-ல், ஃப்ரை என்ற டாக்டர் சோதித்துப் பார்த்து, அதே பட்டையிலிருந்து கிடைக்கும் குவினிடின் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்றார். அது எந்த மரத்துப் பட்டை தெரியுமா? சின்கோனா. டச்சுக்காரர்கள் ஜாவாவில் மலை மலையாக நட்டார்கள். வெள்ளைக்காரர்கள் 1860-களில் நம்ம நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார்கள். ஊட்டிக்கு டூர் போனால் கூடலூர் ரோட்டில் விசாரித்துப் பாருங்கள்!

குவினிடினும் சும்மா விடவில்லை. காதில் 'ங்ஙொய்' என்று இரைச்சல், வயிற்றுப்போக்கு, பார்வை மங்கல். அதைவிட மோசம், சிலர் மாத்திரை போட்ட கொஞ்ச நாளில் திடீரென்று மயங்கி விழுந்தார்கள். 1960-களில் ஈ.சி.ஜி. கருவியை ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது: தாளத்தைச் சரிசெய்யப் போன மருந்தே, உயிரைப் பறிக்கக்கூடிய இன்னொரு தப்புத் தாளத்தைக் கிளப்பிவிடுகிறது!

அதே பத்தாண்டில்தான் பீட்டா பிளாக்கர்கள் வந்தன. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய ப்ரொப்ரனலால் பற்றி 1964-ல் அறிவிப்பு வந்தது. 1988-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அட்ரினலின் இதயத்தை விரட்டாமல் தடுக்கும் மருந்து. விலையாக உள்ளங்கை சில்லிடும், அசதி வரும், விநோதமான கனவுகள் வரும். ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து. "இன்னிக்கு நல்லாத்தானே இருக்கேன்" என்று நீங்களாகச் சட்டென்று நிறுத்தினாலோ, படபடப்பு வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும். டாக்டர் படிப்படியாகக் குறைக்கச் சொல்வது அதனால்தான்.

1961-ல் பெல்ஜியத்தில் உருவான அமியோடரோன் இன்னும் விசித்திரம். நெஞ்சுவலிக்காகச் செய்யப்பட்டு, பிறகு தாளக் கோளாறுக்கு ராஜாவானது. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின். நமக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதைப்போல 500 மடங்கு! தைராய்டு சுரப்பி திணறிப்போய், சிலருக்குத் தூங்கிவிடும், சிலருக்கு வெறிகொண்டு சுரக்கும். அப்படிச் சுரந்தால் முதல் அறிகுறி என்ன? படபடப்பு! நுரையீரலையும் கெடுக்கலாம், வெயில் பட்ட தோல் சாம்பல் நீலமாகலாம். நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உடம்பைவிட்டுப் போகாது. ஆனாலும் சிலருக்கு வேறு எதுவும் கேட்காதபோது இதுதான் காப்பாற்றுகிறது. இதைச் சாப்பிடுபவர்களிடம் தைராய்டு டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு இதுவே காரணம்.

இனி, இந்தக் கதையின் இருண்ட பக்கம்.

ஹார்ட் அட்டாக் வந்து பிழைத்தவர்களில், அதிகமாக 'எக்ஸ்ட்ரா' துடிப்பு உள்ளவர்கள் பின்னால் திடீரென்று இறந்துபோகும் வாய்ப்பு கூடுதல் என்று தெரியவந்திருந்தது. அப்படியானால், அந்தத் துடிப்புகளை அழித்துவிட்டால் பிழைத்துக்கொள்வார்கள்தானே? கணக்கு நேராகத்தானே இருக்கிறது! 1980-களில் அமெரிக்காவில் ஃப்ளெகைனைட், என்கைனைட் என்று இரண்டு மருந்துகள் வந்தன. எக்ஸ்ட்ரா துடிப்புகளைத் துடைத்து எடுத்தன. ஈ.சி.ஜி. தாளைப் பார்த்தால் டாக்டர்களுக்கே ஆனந்தம். ஏராளமானவர்களுக்கு எழுதித் தள்ளினார்கள்.

சிலர் மட்டும், துடிப்பு குறைகிறது சரி, ஆள் பிழைக்கிறாரா என்று கேட்டார்கள். 1987-ல் 'காஸ்ட்' என்ற பெரிய பரிசோதனை தொடங்கியது. மருந்தை முதலில் கொடுத்துப் பார்த்து, யாருக்கு எக்ஸ்ட்ரா துடிப்பு அடங்கியதோ அவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். பிறகு, பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. ஹார்ட் அட்டாக் வந்தவருக்கு மருந்தைக் கொடுக்காமல் வெறும் மாத்திரையைக் கொடுப்பது பாவமில்லையா என்று டாக்டர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள்.

1989 ஏப்ரலில் அந்த இரண்டு மருந்துகளையும் அவசரமாக நிறுத்தினார்கள். முழுக் கணக்கு 1991-ல் வெளியானது. சராசரியாகப் பத்தே மாதத்தில், நிஜ மாத்திரை சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில், 26 பேர். இறந்த அந்த 63 பேருக்கும் மருந்து 'நன்றாக வேலை செய்கிறது' என்று ஈ.சி.ஜி. சான்றிதழ் கொடுத்திருந்தது!

என்ன நடந்தது? இந்த மருந்துகள் இதயத்துக்குள் ஓடும் மின்சாரத்தின் வேகத்தைக் குறைப்பவை. அடிபடாத இதயத்தில் அதனால் பெரிய தொந்தரவில்லை. அட்டாக்கில் ஒரு பகுதி செத்துத் தழும்பாகிவிட்ட இதயத்தில், வேகம் குறைந்த மின்சாரம் தழும்பைச் சுற்றிச் சுற்றியே ஓட வழி கிடைத்துவிடுகிறது. கோழியின் படபடப்பு அடங்கியது. வேறொரு நாள், முன்னறிவிப்பே இல்லாமல், புலி வந்தது.

என்கைனைட் 1991-ல் கடைகளிலிருந்து விலக்கப்பட்டது. ஃப்ளெகைனைட் இன்றைக்கும் இருக்கிறது. தழும்போ, வேறு கோளாறோ இல்லாத இதயத்தில் படபடப்புக்கு அது நல்ல மருந்துதான். அதை எழுதித் தருவதற்கு முன்னால், "ஒரு எக்கோ எடுத்துட்டு வந்துடுங்க" என்று உங்கள் டாக்டர் சொன்னால், செலவு வைக்கிறார் என்று முணுமுணுக்காதீர்கள். உங்கள் இதயத்தில் தழும்பு இருக்கிறதா என்று அவர் தேடுவது, அந்த 63 பேரை வைத்துத்தான்.