சூளையில் சுட்ட முகம், லேசர் தீட்டிய முகம்

கல்லறைக் கல்லில் இறந்தவரின் புகைப்படத்தைப் பதிக்க இன்று பெரும்பாலும் இரண்டு வழிகள்: பீங்கான் வில்லை, லேசர். பீங்கானுக்கு வயது அதிகம். புலோ, கத்தேன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1854-இல் புகைப்படத்தைப் பீங்கானில் சுட்டு நிலைக்கவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இத்தாலியிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் வேரூன்றிய அந்த வழக்கம், குடியேறியவர்களோடு அமெரிக்கக் கல்லறைகளுக்கும் கப்பலேறியது.

உலோக ஆக்சைடு நிறமிகள் சூளைச் சூட்டில் மெருகோடு உருகிச் சேர்வதால் வெயில் அவற்றை எளிதில் வெளுப்பதில்லை. பழைய சலவைக்கல்லில் மழை அரித்துப் பெயரே மங்கியிருக்கும்; அதே கல்லின் முட்டை வடிவ வில்லைக்குள் மீசை முறுக்கு கலையாமல் இருக்கும். ஆனால் பசை விட்டால் வில்லை கழன்று விழும். எவனாவது கல்லை விட்டெறிந்தால் முகத்துக்குக் குறுக்கே விரிசல் ஓடும்.

லேசர் படம் கழன்று விழாது, திருடவும் முடியாது. மெருகேற்றிய கருப்பு கிரானைட்டில் கதிர் பட்ட இடம் நுண்ணியதாக நொறுங்கி வெளிறுகிறது. அந்த வெளிறல்தான் படம். மை ஏதும் இல்லை. அதனால் வெளிர்நிறக் கல்லில் முகம் எடுபடாது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல்லை வெளிநாட்டுக் கல்லறைக்காரர்கள் விரும்பி வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். படத்தின் அளவுக்கும் கல்தான் எல்லை. ரஷ்யாவின் யெகாத்தரின்பர்க்கில் 1990-களின் கும்பல் தலைவர்கள் கருங்கல்லில் ஆளுயரம் நிற்கிறார்கள். ஒருவர் கையில் மெர்சிடிஸ் சாவிகூட உண்டு. பீங்கானில் இந்த ஜம்பம் நடக்காது.

ஆனால் மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள். நுண்விரிசல்களில் நீர் ஏறியதும் வெளிறல் அடங்கி, முகம் கல்லோடு கல்லாகிவிடும்; காய்ந்த பிறகுதான் திரும்பும். உப்புத்தண்ணீர் தெளிக்கும் இடமென்றால் வெண்படலம் படிந்து கறுப்பும் வெளுப்பும் ஒன்றாகிவிடும். மூக்கு பிசகினாலோ அந்தப் பரப்பையே தேய்த்து மறுபடி மெருகேற்ற வேண்டும்.

முகத்துக்குப் பீங்கான்; கோயில், மலை, படகு போன்ற காட்சிக்கு லேசர் என்பதே என் கட்சி. தம்பதி கல்லறையில் இது இன்னும் தெளிவு. ஒருவர் போய் இருபது வருடம் கழித்து மற்றவர் போகிறார். இரண்டாவது வில்லையைச் சுட்டு வாங்கி, பழையதன் பக்கத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது. லேசர் என்றால் பெரும்பாலும் கல்லைப் பெயர்த்துப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால், வைர ஊசியால் கல்லில் புள்ளி குத்தி முகம் எழுதும் ஆளைக் கல்லறைக்கே அழைத்து வர வேண்டும்.