கம்பம் பள்ளத்தாக்கில் ஒற்றைத் துப்பாக்கி

மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலைத் தொடரும் அரணாக நிற்க, நடுவே முல்லைப் பெரியாற்றின் நீரை நம்பி நெல்லும் தென்னையும் வாழையும் திராட்சையும் விளைகின்ற கம்பம் பள்ளத்தாக்கில், சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் அமைந்திருக்கும் காமயகவுண்டன்பட்டி, தேசிய இயக்க காலத்தில் தியாகிகள் பலரைத் தந்த ஊர் என்றும், மகாத்மா காந்திக்குக் கோயில் எழுப்பிய ஊர் என்றும் கீர்த்தி பெற்றது. அகிம்சா மூர்த்தியைத் தெய்வமாக ஸ்தாபித்த ஓர் ஊரை முன்னிட்டுத் துப்பாக்கியின் சரித்திரத்தைப் பேசுவது பொருந்துமா என்று வாசகர் கேட்கலாம். பொருந்தும் என்பதே என் அபிப்பிராயம். 1930 ஜனவரி 30-இல் ‘யங் இந்தியா’ பத்திரிகையில் காந்தியடிகள் வைஸ்ராய் இர்வினுக்கு முன் வைத்த பதினோரு கோரிக்கைகளில், மதுவிலக்கும் உப்பு வரி ஒழிப்பும் நிலவரிக் குறைப்பும் இடம்பெற்ற அந்த ஜாபிதாவின் கடைசியில், தற்காப்புக்கான துப்பாக்கி லைசென்சுகளை மக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு வழங்கவேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. ஆயுதத்தை ஏந்தாதிருப்பது மனிதன் தானே மேற்கொள்ளும் விரதமாக இருக்கலாமேயன்றி, அந்நிய சர்க்கார் அவன் கையைக் கட்டிப்போட்டதன் விளைவாக இருக்கலாகாது என்று அவர் கருதினார்.

ஒரு குடும்பம் ஒரே ஓர் ஆயுதத்தை மட்டும் வைத்துக்கொள்ளக்கூடும் என்றால், வீட்டுக் காவலுக்கும் வழிப்பயணத்துக்கும் வயல் காப்புக்கும் பயிற்சிக்கும் ஒருங்கே உதவக்கூடியது எது என்ற கேள்வியை இன்று கைத்துப்பாக்கியை மனத்தில் வைத்து உலகெங்கும் பலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே கேள்வியை இப்பள்ளத்தாக்கின் குடியானவர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே தம் வாழ்க்கையின் அவசியத்தால் எதிர்கொண்டு, வேறொரு விடையைக் கண்டார்கள். அந்த விடை அமைந்த விதமே இங்கு நான் சொல்ல எடுத்துக்கொண்ட விஷயம்.

துப்பாக்கி வருமுன் மதுரைச் சீமையில் பல காரியங்களுக்கு உதவிய கையாயுதம் வளரி என்னும் வளைதடி. மரத்தாலும் சில சமயம் இரும்பாலும் தந்தத்தாலும் செய்யப்பட்ட அந்த எறிபடை, முயலையும் மானையும் வீழ்த்தவும், ஓடுகின்ற திருடனின் காலை மடக்கவும், போரில் எதிரியைத் தாக்கவும் பயன்பட்டதோடு, கள்ளர் சமூகத்தின் திருமணச் சடங்கில் இரு வீட்டாரும் மாற்றிக்கொள்ளும் மங்கலப் பொருளாகவும் இருந்தது. அதை எறியத் தமக்குக் கற்றுத்தந்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்று கர்னல் வெல்ஷ் என்ற ஆங்கிலத் தளபதி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடிநாயக்கனூர் என்று பாளையங்கள் நெருங்கியிருந்த இந்தப் பிரதேசத்தில், வேலும் ஈட்டியும் திரிமருந்துத் துப்பாக்கியும் பாளையக்காரர்களின் ஆட்களிடம் இருந்தன. காட்டுப் பன்றியை எதிர்த்து நிற்கக் கோம்பை நாய் துணை நின்றது. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட சில வாரங்களில், 1801 டிசம்பர் 1-இல், சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டபோது, இந்த ஆயுத மரபின் பெரும்பகுதி ஒரேயடியாக அறுந்துபோயிற்று. அறுக்க முடியாமல் எஞ்சி நின்றது அரிவாள் ஒன்றே. அதைப் பறித்தால் கதிர் அறுப்பதும் விறகு வெட்டுவதும் நின்றுபோகும். கும்பினியாருக்குத் தீர்வை வராது.

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு சர்க்காரின் அச்சம் மேலும் பெருகி, லிட்டன் பிரபுவின் காலத்தில், 1878-இல், ஆயுதச் சட்டமாக உருவெடுத்தது. இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் பெறவேண்டும், ஐரோப்பியனுக்கு அது வேண்டியதில்லை என்ற பேதத்தை அதன் விதிகள் வெளிப்படையாகவே நிலைநாட்டின. சுதேசிகளில் குடகர்களைப் போன்ற மிகச் சிலருக்கே விலக்குக் கிடைத்தது. மலைமேல் தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரை இடுப்பில் ரிவால்வருடன் குதிரையேறி வரலாம். அவர் தோட்டத்துக்கு அரிசி மூட்டை சுமந்த இந்நாட்டவன் பழைய துப்பாக்கி ஒன்றை வீட்டில் வைத்திருந்தால் குற்றவாளி. இந்த அவமானம் தேசியவாதிகளின் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகத் தைத்தது என்பதை உணர்ந்தாலன்றி, காந்தியடிகளின் பதினோராவது கோரிக்கை நமக்கு விளங்காது.

கைத்துப்பாக்கி தமிழகத்தின் அரசியல் சரித்திரத்தில் நுழைந்ததும் இந்தச் சட்டத்தின் வேலிக்கு வெளியேயிருந்துதான். 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதனின் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் பிஸ்டல். அவர் சுடப் பழகியதோ, பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் செல்லாத பிரெஞ்சுப் புதுச்சேரியில், வ. வே. சு. ஐயரின் தொடர்பில். அந்தச் செயலைப் பற்றி எவர் எக்கருத்துக் கொண்டாலும், அந்த ஆயுதத்தின் இயல்பைப் பற்றி ஒன்று தெளிவாகிறது. சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாம், சில அடி தூரத்தில் நிற்கும் ஒரு மனிதனைச் சுடலாம். இவ்விரண்டுக்காகவே அது அமைக்கப்பட்டது. பயிருக்கும் கால்நடைக்கும் அதனால் பிரயோஜனம் மிகக் குறைவு.

1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர் சுரங்க வழியாகக் கிழக்கே இறங்கியபோது, கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்க்கையே மாறிற்று. இருபோக நெல் விளைந்தது. தரிசாகக் கிடந்த மேட்டு நிலங்களும் மெல்ல மெல்லத் தோட்டங்களாயின. மலையடிவாரத்தை நோக்கி உழவு நகர நகர, மலையிலிருந்து பன்றியும் மானும் குரங்கும் யானையும் உழவை நோக்கி இறங்கின. முன்பு பரணில் இருந்து கவண்கல் எறிந்தும், தகரத்தைத் தட்டியும், தீப்பந்தம் காட்டியும் விரட்டியவர்களில் வசதியுள்ள சிலர், லைசென்ஸ் பெற்று ஒற்றைக் குழல் துப்பாக்கி வாங்கினார்கள். வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் இந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் ஒரே ஆயுதம் பல காரியங்களுக்கு உதவுவது என்ற கருத்து இதில் நிறைவேறியதைப் போல வேறெந்தத் துப்பாக்கியிலும் நிறைவேறவில்லை.

வெடியுப்பும் கந்தகமும் அடுப்புக்கரியும் சேர்ந்த கரிமருந்தைக் குழலின் வாயில் கொட்டி, அதன்மேல் தேங்காய் நாரையோ பழந்துணியையோ அடைத்து, நீண்ட கம்பியால் இறுகக் கெட்டித்து, பிறகு ரவையையோ குண்டையோ இட்டு மறுபடியும் அடைத்து, குழலின் அடிப்பக்கத்து முளையில் சிறிய செம்புக் ‘கேப்’ ஒன்றைப் பொருத்தி, குதிரையைப் பின்னுக்கு இழுத்தால் அது சுடத் தயாராகிவிடும். தோட்டாத் துப்பாக்கியில் ஆலை எதைப் பொதிந்து அனுப்பியதோ அதையே சுடவேண்டும்; இதிலோ என்ன செய்யவேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் உழவனே தீர்மானித்தான். மருந்தை மட்டும் கெட்டித்துச் சுட்டால் மலை எதிரொலிக்கும் வெற்று வேட்டு. யானைக்கும் குரங்குக்கும் அதுவே போதும். பொடி ரவை இட்டால், வேட்டை தடுக்கப்படாத அந்நாளில், காடைக்கும் கவுதாரிக்கும் ஆயிற்று. கனத்த ஈயக்குண்டு ஒன்றை இட்டால் பன்றிக்கு. இரவில் திருடன் வந்தாலும் கிராமம் முழுவதையும் எழுப்பிவிட ஒரு வேட்டுப் போதும். எவர்மேலும் குண்டு பாயவேண்டியதில்லை. மழையில் மருந்து நமுத்துப்போகும், ஒருமுறை சுட்டபின் மறுமுறை கெட்டிக்க நேரம் பிடிக்கும் என்பவை அதன் குறைகள்; ஆனால் அந்த இரண்டாவது குறையை நான் ஒரு பாதுகாப்பாகவே காண்கிறேன். ஒரு வேட்டுக்கும் அடுத்த வேட்டுக்கும் இடையில் கோபம் தணிய அவகாசம் இருந்தது.

தேசம் விடுதலை பெற்றபின் ஆயுத உரிமை மீண்டும் விவாதத்துக்கு வந்தது. 1931 கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை சேர்க்கப்பட்டிருந்தது. அதை நினைவூட்டி, 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. கொள்ளைக்காரனும் அதே உரிமையைக் கோரமுடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆகவே ஆயுதம் அடிப்படை உரிமையாகாமல், சர்க்காரின் அனுமதிக்கு உட்பட்ட சலுகையாகவே 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நின்றது.

அந்தச் சட்டத்தை வாசிப்பவர்கள் பெரும்பாலும் தண்டனைப் பிரிவுகளோடு நின்றுவிடுகிறார்கள். 13-ஆம் பிரிவைப் பொறுமையாக வாசித்தால், கம்பம் பள்ளத்தாக்கின் உழவன் அனுபவத்தால் கண்ட விடை அங்கே சட்ட மொழியில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். பயிர்க் காப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரி திருப்தியடைந்தால் வேறு வழவழப்பான குழல் துப்பாக்கி. தற்காப்புக்கும் வேட்டை விளையாட்டுக்கும் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல். கிளப்பில் இலக்குப் பயிற்சிக்கு .22 ரைபிள். இவற்றுக்கு லைசென்ஸ் வழங்குவது அதிகாரியின் கடமை. கைத்துப்பாக்கி இந்த வரிசையில் இல்லை. தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரி திருப்தியடைந்தாலன்றி அது கிடைக்காது. விவசாயத்துக்கும் வீட்டுக்கும் மட்டுமே உரிய கருவிகளையோ, தடி, சாதாரணக் கைக்கோல் போன்றவற்றையோ ஆயுதம் என்று அச்சட்டம் கருதவில்லை. 1801-இல் எஞ்சி நின்ற அரிவாள், 1959-லும் எஞ்சி நின்றது.

தகுந்த காரணம் காட்டிக் கைத்துப்பாக்கி பெற்றவர்களுக்கும் தேர்வு விரிவானதாக இல்லை. 9 மில்லிமீட்டரும் .455-ம் பொதுமக்களுக்கு விலக்கப்பட்ட அளவுகள். 1980-களில் இறக்குமதியும் முடங்கியபின், கான்பூர்த் தொழிற்சாலையின் ஆறு தோட்டா .32 ரிவால்வரே பலருக்கும் கதியாயிற்று. 2014-இல் பெண்களை உத்தேசித்து ‘நிர்பீக்’ என்ற பெயரில் அரைக்கிலோ எடையில் அதையே இலகுவாக்கி வெளியிட்டபோது விலை லட்ச ரூபாயைத் தாண்டியிருந்தது. இந்த .32 குண்டால் காட்டுப் பன்றியைத் தடுக்க முயல்வது பன்றியைக் காயப்படுத்திச் சீற்றமூட்டுவதே. குட்டைக் குழலால் தூரத்து இலக்கைக் குறிவைக்க இடைவிடாத பயிற்சி வேண்டும். பயிற்சிக்குத் தோட்டா வேண்டும். தோட்டாவுக்கோ லைசென்சில் வரம்பு உண்டு. பல காரியங்களுக்கும் உதவும் என்று எண்ணி வாங்கிய பொருள், ஒரு காரியத்துக்காகப் பெட்டியில் பூட்டிவைக்கப்பட்டு, தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, மறுபடியும் பெட்டிக்கே திரும்புகிறது.

பயிர்க் காப்புத் துப்பாக்கியின் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் உருவாயிற்று. குமுளிக்கு அப்பால் கேரளத்தில் 2022 முதல், பயிரை அழிக்கும் பன்றியை லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்குத் தரப்பட்டிருக்கிறது. தமிழகமோ 2025-இல் எடுத்த முடிவில், காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் பொறுப்பை வனத்துறையினரிடமே வைத்துக்கொண்டது. 2023 மே மாதத்தில் அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் நகருக்குள்ளேயே புகுந்து, சுருளி மலையடிவாரத்தில் அலைந்து, ஜூன் 5-இல் மயக்க ஊசியால் பிடிக்கப்பட்டபோது, இப்பக்கத்து விவசாயிகள் வீட்டில் அடைந்திருந்தார்களேயன்றி எவரும் துப்பாக்கியைத் தேடவில்லை.

கைத்துப்பாக்கியை ஏற்காமல் விட்டதில் இப்பள்ளத்தாக்கு எதையும் இழக்கவில்லை என்பதே என் தீர்மானமான முடிவு. வயலுக்கு வேண்டியதை நீண்ட குழல் துப்பாக்கி செய்தது. கைக்கு வேண்டியதை அரிவாள் செய்தது. மனிதனை மனிதன் சுடுவதற்கென்றே அமைந்த பொருளுக்கு இங்கே வேலை இருக்கவில்லை. ஆனால் பன்றி அழித்த வாழைக்கும் யானை மிதித்த தென்னைக்கும் உரிய நஷ்ட ஈட்டைத் தாமதமின்றி வழங்கும் கடமையை, துப்பாக்கிச் சூட்டின் பொறுப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்ட சர்க்கார் மறக்கலாகாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. காமயகவுண்டன்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி லைசென்ஸ் புத்தகங்கள் பழைய பெட்டிகளில் கிடக்கக்கூடும். எந்த ஆயுதம், எந்தக் காரியத்துக்கு, எந்த எல்லைக்குள் என்று எழுதி முத்திரையிடப்பட்ட அந்தத் தாள்கள், நம் உழவர்களின் சரித்திரத்துக்குக் கிடைக்கக்கூடிய நேர்மையான சாட்சிகள். அவற்றைக் காகிதக் கடைக்குப் போடாதீர்கள். ஊர் நூலகத்தில் சேர்த்து, பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவற்றின் கதையைக் கேட்டு எழுதிவையுங்கள்.